குடையோடு வந்த முதியவர்

போன மாதம் நம் வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி விளையாட்டாக ஒரு வரி போட்டாள். "அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்." அவ்வளவுதான். முட்டிவலிக்காரிகள், சர்க்கரை மாத்திரைக்காரிகள், பேத்தியை மடியில் வைத்திருந்தவள், எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஒருத்தி அடுத்த வரி, இன்னொருத்தி அதற்கடுத்த வரி. குடையோடு முதியவர் வந்தார், எமனைப் போல லாரி வந்தது, இரத்த வெள்ளம் வந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக் கட்டுரையும் ஒரு கால்புள்ளி குறையாமல் வந்து சேர்ந்தது. கடைசியில் நீதி வேறு. அதற்கும் கீழே சிரிக்கிற பொம்மைகள்.

நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "இன்னாடி, மறந்துட்டியா?" என்று கேட்டவளுக்கும் பதில் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் உங்களுக்கு அது ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாம் எட்டாவது. எண்பதுகளின் நடுவில், குமணன்சாவடிக்குச் சற்று முன்னால், பெங்களூர் ரோட்டை ஒட்டி, கன்னியாஸ்திரீகள் நடத்திய நம் பள்ளிக்கூடம். நம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் ரோடு. லாரி போனால் கரும்பலகை அதிரும். தமிழ் டீச்சர் நல்லவர்தான். நாற்பத்தொரு பெண்களும் பாஸ் ஆகவேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நோட்ஸைப் பார்த்துப் பாதி வாக்கியம் அவர் சொல்லுவார். மீதிப் பாதியை நாம் கூட்டாகச் சொல்லி முடிக்கவேண்டும். "எமனைப் போல ஒரு லாரி..." என்று அவர் நிறுத்தினால், "...தலைதெறிக்க ஓடி வந்தது!" என்று நாம் கத்துவோம். தினமும் மதியம் சாப்பிட்டு வந்ததும் இதுதான். தூங்கிக்கொண்டேகூடச் சொல்லுவோம். வீட்டில் அம்மா "இன்னொரு..." என்று தொடங்கினால்கூட "...தோசை வேண்டும்" என்று முடிக்கிற அளவுக்கு வாய் பழகிப்போயிருந்தது.

'நான் கண்ட விபத்து' பத்து மதிப்பெண். தொடக்கம், நடு, முடிவு, நீதி. இதில் எதையும் மாற்றக்கூடாது. நான் ஒரு முறை அந்த முதியவரின் குடை கிழிந்திருந்தது என்று சேர்த்து எழுதினேன். எனக்கு அவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று பக்கத்தில் எழுதி, அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் எந்தக் குடையையும் கிழிக்கவில்லை.

அந்த வருஷக் கோடையின் தொடக்கத்தில் எனக்கு அம்மை போட்டது. நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் அம்மா வாசலில் வேப்பிலை செருகத் தவறவில்லை. "ஏசப்பாவுக்குத் தெரியாதா இன்னா, வேப்பிலையும் அவர் படைச்சதுதானே" என்பாள். வேப்பிலை வாசத்தில் படுத்துக்கொண்டு, சொறியக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு, கேட்கிற சத்தங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். நைனாவின் டெம்போ சத்தம் அதில் தனியாகத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு அவர் டிரைவர். அச்சில் வார்த்த இரும்பை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கத்து லேத்துகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். அவர் உள்ளே வந்தால் டீசலும் கரியும் சேர்ந்த ஒரு வாசம் முன்னால் வரும்.

நைனா குடிக்க மாட்டார். இதை நான் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். அதைப் பார்த்து வளர்ந்த நைனா கோயிலில் சத்தியம் செய்திருந்தார். திருவிருந்தில் கொடுக்கிற இரசத்தைக்கூட உதட்டில் ஒற்றிக்கொள்வதோடு சரி. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் குடித்து விழுந்தவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை எப்போதும் அவருக்குத்தான்.

அன்று சாயங்காலம் டெம்போ சத்தம் வரவில்லை. நைனா மட்டும் நடந்து வந்தார். காக்கிச் சட்டை முழுக்க ரத்தம். அம்மா அலறிவிட்டாள்.

"ஐயோ, இன்னா ஆச்சு?"

நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "மத்தியானம் வானகரத்தாண்ட டீ குடிச்சேன். அவன் சக்கரை போடல. அப்பவே மனசு சரியில்ல..."

"டீயை வுடு. ரத்தம் யாருது?"

"பன்னு விக்கிற பாயிது," என்றார்.

பாயை உங்களுக்கு நினைவிருக்கும். சைக்கிள் பின்னால் பூப்போட்ட பெரிய தகரப் பெட்டி. பன், பொறை, வர்க்கி. மதிய மணி அடிக்கும்போது பள்ளி வாசலில் நிற்பார். நம் பள்ளிக்கு எதிரிலேயே அவருடைய சைக்கிளும் நைனாவின் டெம்போவும் மோதியிருக்கின்றன. கூடிய கூட்டம் நைனாவை நாலு சாத்து சாத்தியது. அதை வாங்கிக்கொண்டே அவர் பாயைத் தூக்கி ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். பாய்க்கு இடுப்பு முறிந்து, நினைவும் இல்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏட்டு, "இன்னா நடந்துச்சு, சொல்லு" என்றாராம். நைனா, "மத்தியானம் வானகரத்தாண்ட டீ குடிச்சேன் சார்" என்று தொடங்கியிருக்கிறார். ஏட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், டீக்கத கேக்கவா உன்ன இட்டாந்தேன்? விபத்தச் சொல்லுய்யா." நைனாவுக்கு அதை அங்கிருந்து தொடங்காமல் சொல்லத் தெரியவில்லை. எங்கே எடுத்தாலும் டீக்கடைக்கே போய் நின்றார். உண்மையைச் சொல்கிறவனுக்குக் கோர்வை வராது என்பது ஏட்டுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

சாட்சி சொல்ல ரோட்டில் ஒருவரும் முன்வரவில்லை. கோர்ட்டுக்கு அலைய யாருக்கு ஆசை? ஏட்டு நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ரோட்டைப் பார்த்த வகுப்பு நம்முடையதுதான். தலைமைச் சிஸ்டர் தமிழ் டீச்சரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பார்த்ததை எழுதி வாங்கச் சொல்லிவிட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது குடை. மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய்வந்த நைனா நேராக மூலையில் இருந்த எங்கள் வீட்டுக் குடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பண்ற?" என்றாள் அம்மா.

"குடை எங்கன்னு கேக்குறாங்க. பெரியவர் கையில குடை இருந்துச்சாம். அத எங்க தூக்கிப் போட்டேன்னு கேக்குறாங்க. நான் குடையே பாக்கலியே."

"பாய் சைக்கிள்ல வந்தாரு. அவருக்கு எதுக்குக் குடை?"

"அதான் எனக்கும் தெரில."

அடுத்த நாள் பட்டறை ஷெட்டில் நின்ற டெம்போவுக்கு அடியில் புகுந்து குடையைத் தேடிவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் குடி வந்தது. டிரைவர் வாயிலிருந்து மது நெடி வீசியதை நாற்பது பிள்ளைகளும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஏட்டு சொல்லிவிட்டார். "நாப்பது பசங்களும் பொய் சொல்லுமாய்யா? அதுவும் சிஸ்டருங்க ஸ்கூல் பசங்க." விஷயம் பட்டறை முதலாளி காதுக்குப் போனது. வேலை போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்களாம். நைனா எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனவர்தான், இன்றுவரை முன்னால் வரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"மெய்யாலுமே சொல்லு. கொஞ்சமாச்சும் போட்டிருந்தியா?"

நைனா அவளைப் பார்த்தார். நான் அம்மைத் தழும்போடு எழுந்து போய், கொடியில் துவைத்துக் காய்ந்த அந்தக் காக்கிச் சட்டையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. நானும் முகர்ந்து பார்த்ததை நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு ஒரு நாள் அம்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தனியாக விட முடியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அரசமரம், வாளியில் தண்ணீர், மேசை மேல் நூல் கட்டிய காகிதக் கட்டு. நைனா நின்றுகொண்டிருந்தார். ஒத்துக்கொண்டால் நல்லது என்று அம்மா அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்பது ஏட்டின் யோசனை.

"உன் பொண்ணு வயசுப் புள்ளைங்க எழுதினதும்மா. நீயே கேளு." கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார். "'முதியவர் ஒருவர் கையில் குடையுடன் சாலையைக் கடந்தார். எமனைப் போல ஒரு லாரி...'"

அடுத்த பக்கம் புரட்ட விரலை நாக்கில் வைத்தார். அந்த இடைவெளி போதும் எனக்கு.

"'...தலைதெறிக்க ஓடி வந்தது'" என்றது என் வாய்.

ஏட்டு என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "'கண் இமைக்கும் நேரத்தில்...'" என்று சும்மா நிறுத்தினார்.

"'...முதியவர் இரத்த வெள்ளத்தில் மிதந்தார்.'"

"'அவருடைய குடை...'"

"'...காற்றில் பறந்து சாலையோரம் விழுந்தது.'"

அந்தக் குடையும் குடியும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"இன்னா பாப்பா, நீ அங்க இருந்தியா?"

"இல்ல சார். எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. இது பத்து மார்க் சார்."

ஏட்டு கட்டு முழுவதையும் பிரித்து மேசையில் பரப்பினார். உங்கள் கையெழுத்துகள். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த கையெழுத்து. எல்லாவற்றிலும் அன்று ஞாயிற்றுக்கிழமை. விபத்து நடந்ததோ செவ்வாய்க்கிழமை. எல்லாவற்றிலும் கதிரவன், குடை, லாரி. ஒவ்வொரு தாளின் அடியிலும் கோடு போட்டு, 'நீதி: குடி குடியைக் கெடுக்கும்.' போலீசுக்கு எழுதிக்கொடுத்த சாட்சியத்தில் நீதி எழுதிய பிள்ளைகள் உலகத்திலேயே நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

ஏட்டு சிரித்தார். முதலில் மெல்ல, அப்புறம் தொப்பி கழன்று விழுகிற மாதிரி. மற்றவர்களும் சிரித்தார்கள். "போய்யா, போ. ஊட்டுக்குப் போ" என்று நைனாவை அனுப்பிவிட்டார். குடி விஷயம் அத்தோடு விட்டுப்போனது. தலைமைச் சிஸ்டர் டீச்சரிடம் என்ன பேசினாரோ, பள்ளியில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. யாரும் வந்து நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

வழியில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நைனா முன்னால் நடந்து போனார். பூந்தமல்லி மல்லிகைக்காரிகள் கூடையை இறக்கி வைத்திருந்த இடத்தில் நின்றார்.

"அது புக்குல கீதா?"

"ஆமா நைனா. நோட்ஸ்ல கீது."

"எப்ப போட்ட புக்கு?"

"அக்காமாருங்க வெச்சிருந்தது. போன வருஷத்துது."

நைனாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "போன வருஷமே எழுதிட்டானா?" என்றார்.

இங்கேதான் தோழிகளே, நான் கோட்டைவிட்டேன். நைனா அதிகம் படித்தவர் அல்ல. அவருக்குத் தெரிந்த புத்தகம் ஒன்றுதான். ஞாயிறுதோறும் 'எழுதியிருக்கிறபடியே நிறைவேறிற்று' என்று வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர். அச்சில் வந்தது பொய்யாகாது என்பது அவருடைய நம்பிக்கை. "அது சும்மா கட்டுரை நைனா" என்று நான் சொன்னேன். கட்டுரை என்றால் என்ன என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ஒருவன் உட்கார்ந்து, நடக்காத ஒன்றை, நாற்பது பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்காக எழுதிவைப்பான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அம்மாவோ ஆறுதலில் அதைக் கவனிக்கவில்லை. நானும் அப்புறம் விளையாடப் போய்விட்டேன்.

முதலாளி திரும்பக் கூப்பிட்டார். நைனா போகவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்றே வயதாகிவிட்டது அவருக்கு. பாய் பல மாதம் கழித்துக் கோலூன்றி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பொட்டலம் பொறையோடு. "நாய் குறுக்கால ஓடியாந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். அப்பால ஆஸ்பத்திரிதான். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லங்க" என்றார். நைனா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குடை எதுனா வெச்சிருந்தியா பாய்?"

பாய் விழித்தார். "ஏதுங்க குடை?" நைனா தலையை ஆட்டிக்கொண்டார், ஆனால் நம்பவில்லை.

இப்போது அவர் அம்பத்தூரில் என்னோடு இருக்கிறார். அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. உங்கள் குழுவில் அந்த வரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால், என் பேரன் அவரிடம் கதை கேட்டான். "வண்டிக் கதை சொல்லு தாத்தா." நான் அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம," என்றார் நைனா.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"நல்ல வெய்யில். ஒரு பெரியவரு குடை புடிச்சிக்கினு ரோட்டத் தாண்டினாரு. நான் வேகமா வந்துகினு கீறேன். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள... குடை மட்டும் பறந்து போய் ஓரமா விழுந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "தாத்தா அன்னிக்குக் கொஞ்சம் போட்டிருந்தேன். தப்புதான்" என்றார்.

கடுகு கருகிப் புகைந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். "நைனா! நீ குடிக்கவே மாட்டியே! ஒரு நாளாச்சும் குடிச்சிருக்கியா?"

"நீ சின்னப் பொண்ணும்மா. உனக்குத் தெரியாது" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

செத்தே போய்விட்டேன். ஏட்டு மிரட்டிக் கேட்டபோது ஒத்துக்கொள்ளாத மனிதர், யாரும் கேட்காமல் இத்தனை வருஷம் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கட்டுரை அவருடைய நினைவைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில்தான் உங்கள் சிரிக்கிற பொம்மைகள் வந்தன.

நான் நம் கிளாஸ் லீடருக்குப் போன் செய்தேன். திட்டத்தான் செய்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். அவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "நான் வரேன், அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்றாள். மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள், அதற்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். நைனாவின் கட்டிலுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளியில் பதில் சொல்கிற மாதிரி நேராக உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னைக்கு நாங்க யாருமே ரோட்டைப் பாக்கல."

நைனா காதைச் சாய்த்தார்.

"கத்தி ஒப்பிச்சுக்கினு இருந்தோம். அந்தக் கட்டுரையேதான். மோதின சத்தம் கேட்டுச்சு, எழுந்தோம். டீச்சர் ஸ்கேலால மேசைல தட்டி உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு விபத்தைப் பத்தி எழுதுங்கன்னு பேப்பர் குடுத்தாங்க. நான்தான் எழுந்து நீதி எழுதணுமா டீச்சர்னு கேட்டேன். எழுது எழுதுன்னாங்க. எங்களுக்கு விபத்துன்னா அது ஒண்ணுதான்ப்பா தெரியும். பரீட்சைன்னு நெனச்சு எழுதினோம்."

"அந்தக் குடை?"

"புக்குல இருந்ததுப்பா."

"குடிச்சது?"

"அதுவும் புக்குலதான். எந்த ஸ்கூல்ல எழுதினாலும் அந்த டிரைவர் குடிச்சுதான் இருப்பான். அது நீங்க இல்ல."

நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. "அப்போ அது நான் இல்லியா?" என்றார்.

"இல்லப்பா."

வெளியே ஏதோ வண்டி போனது. அது போய் அடங்கும்வரை இருந்துவிட்டு, நைனா சொன்னார்.

"டீல சக்கரை போடல அன்னிக்கு."

இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். வானகரத்து டீக்கடைக்காரன் கடையில் சக்கரை தீர்ந்து பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினது. அதற்காகக் காத்திருந்து நேரமானது. பின்னால் இரும்பு சரிந்து ஒரு பக்கமாக இழுத்தது. அதனால் மெதுவாக வந்தது. ஒரு காது மடிந்த செவலை நாய். அந்த நாயை வழிவிடச் சொல்லி பாய் மணி அடித்தது. ஒடித்துத் திருப்பினது. பன்னெல்லாம் உருண்டு ரோட்டைத் தாண்டிப் போனது. மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டபோது, நினைவு போவதற்கு முன்னால், பாய், "பொட்டி மூடிக்கீதா பாருப்பா" என்று கேட்டது. மறுபடியும் டீக்கடைக்குப் போனார். மறுபடியும் நாய்க்கு வந்தார். முன்னும் பின்னுமாக, தொடக்கமும் முடிவும் இல்லாமல், சாயங்காலம்வரை சொன்னார். நடுவில் எங்கேயும் குடை வரவில்லை.

அதிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். சொல்லச் சொல்ல ஏதாவது புதிதாக ஞாபகம் வருகிறது. உங்களையெல்லாம் பார்க்கவேண்டும் என்கிறார். "அந்தப் பசங்களுக்கு இன்னா நடந்துச்சுன்னே தெரியாதே, பாவம்" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மதியச் சாப்பாடு என் வீட்டில். டீயிலிருந்துதான் தொடங்குவார். யாரும் அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.